பல்வலி தானாகவே நின்றுவிட்டது. இனியும் பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

யீஷூன் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 67 வயது. நீரிழிவுக்கு நெடுங்காலமாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற மாதத் தொடக்கத்தில், குளிர்ந்த நீர் குடித்தால் வலப்பக்கக் கடைவாய்ப் பல் சுரீரென்று கூசி உடனே அடங்கிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சூடான கோப்பி பட்டாலே வலி கிளம்பி நெடுநேரம் அடங்காமல் இருந்தது. குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் சற்றுத் தணிந்தது. அதன்பின் எதையும் சாப்பிடாமலேயே நள்ளிரவில் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியதால், படுக்க முடியாமல் கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். எந்தப் பல் என்று கேட்டால், மேற்பல்லா கீழ்ப்பல்லா என்று அவராலேயே சுட்டிக்காட்ட முடியவில்லை. காதும் நெற்றிப்பொட்டும் சேர்ந்தே வலிப்பதாகச் சொன்னார்.

கிராம்பு வைத்தார், பெருங்காயத்தைப் பொரித்து வைத்தார், கன்னத்தில் கோடாலித் தைலம் தேய்த்தார், பானடால் (பாராசிட்டமால்) மாத்திரையும் சாப்பிட்டார். ஒருநாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. இப்போது சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. எல்லாம் பெருங்காயத்தின் மகிமை என்கிறார். ஆனால் அந்தப் பக்கத்து மேல் ஈற்றில் பரு போன்ற சிறு கொப்புளம் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அவ்வப்போது வாயில் உப்புக் கரிக்கிறது என்றும் சொல்கிறார்.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று ஊரில் கேட்ட பேச்சை வைத்துக்கொண்டு, பல் மருத்துவரிடம் வர மறுக்கிறார். வலிக்காத பல்லை ஏன் கிளற வேண்டும் என்பது என் கணவரின் வாதம். உண்மையில் எப்படிப்பட்ட வலிக்கு உடனே போக வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிளமெண்டி வாசகன் எழுதியது:

வணக்கம் சகோதரி. எனக்கும் இதே போன்ற வலி வந்தது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரிடம் சென்றேன்; ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார், வீக்கமும் வலியும் அடங்கிவிட்டன. உங்கள் மாமியாருக்கும் கொப்புளம் இருப்பதால் ஒரு சுற்று மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே. பல்லைத் தொடாமலேயே காரியம் முடிந்துவிடக்கூடும்.

ஈறும் வேரும் எழுதியது:

யீஷூன் சகோதரிக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் பல் மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். வாயைத் திறந்து பார்க்காமல் யாரும் நோயை உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை எங்கள் துறையில் நாள்தோறும் கேட்கும் வரிசைதான். அதை வைத்துப் பார்த்தால், உங்கள் மாமியாரின் வலி குணமானதால் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வலியை உணர்த்தும் நரம்பு செத்துப்போனதால் நின்றிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

பல்லின் வெளிப்புறத்திலுள்ள எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைந்திருக்கின்றன. நடுவில், இரத்த நாளங்களும் நரம்புகளும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. சொத்தை டென்டினை எட்டியதும் குளிர்ச்சியும் இனிப்பும் கூசத் தொடங்கும். குளிர்ந்தது பட்டவுடன் கூசி, அது நீங்கிய ஓரிரு நொடிகளில் அடங்கிவிட்டால், பற்கூழ் எரிச்சலுற்றிருக்கிறதே தவிர இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். செலவும் குறைவு, நேரமும் குறைவு. உங்கள் மாமியார் சென்ற மாதத் தொடக்கத்தில் சொன்னது அந்தக் கட்டத்தைத்தான்.

பட்ட சூடோ குளிரோ நீங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடிப்பது, சூட்டுக்கு வலித்துக் குளிருக்குத் தணிவது, எதுவும் படாமலேயே வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புவது ஆகியவை பற்கூழ் மீள முடியாத அழற்சிக்குப் போய்விட்டதைக் காட்டும் அடையாளங்கள். உடலின் வேறிடத்தில் அழற்சி வந்தால் சதை வீங்க இடமுண்டு. பற்கூழைச் சுற்றியிருப்பதோ கெட்டியான சுவர்; ஆகவே உள்ளேயே அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைப்பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால் அது இன்னும் மோசமாகிறது. அவர் நாற்காலியில் சாய்ந்தபடி இரவைக் கழித்ததற்கு இதுவே காரணம். எந்தப் பல் என்று சுட்ட முடியாமல் போனதிலும் வியப்பில்லை. பற்கூழ் நரம்புகளுக்கு இடம் காட்டும் திறன் மிகக் குறைவு. மேல் தாடையின் வலி கீழ்த் தாடையிலும் காதிலும் நெற்றிப்பொட்டிலும் தெரியும், ஆனால் முகத்தின் மறுபக்கத்துக்கு அனேகமாகத் தாண்டாது.

பற்கூழ் முழுவதும் அழுகிவிட்டால் வலி நின்றுவிடுகிறது. சூடும் குளிரும் தெரியாமல் போவது அதனால்தான். கிருமிகள் மட்டும் அங்கேயே நிற்பதில்லை. வேர்க்குழாய் வழியாக நுனிக்கு இறங்கி, எலும்பில் சீழ் கட்டச் செய்கின்றன. அந்தச் சீழ் எலும்பைத் துளைத்து ஈற்றில் வழி தேடிக்கொள்ளும்போது, நீங்கள் பார்த்த பரு உண்டாகிறது. உப்புக் கரிப்பது பெரும்பாலும் சீழ் கசிவதன் சுவை. கசிய வழி இருக்கும்வரை அழுத்தம் சேராது, வலியும் இராது. வழி அடைபட்டால் ஒரே இரவில் முகம் வீங்கிவிடக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொற்று பரவும் ஆபத்தும் கூடுதல், தொற்று இருக்கும்வரை சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். எனவே உங்கள் கணவரின் வாதத்தை நான் ஏற்கவில்லை. இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.

கிளமெண்டி அன்பரின் யோசனையைப் பற்றியும் ஒரு சொல். பற்கூழ் செத்த பிறகு அதற்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தத்தில் கலந்து செல்லும் ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. சுற்றிலும் பரவியிருக்கும் தொற்றை அது அடக்கும், வீக்கம் வடியும், ஆனால் கிருமிகளின் இருப்பிடம் அப்படியே இருக்கும். முகவீக்கமோ காய்ச்சலோ இருந்தால் அந்த மாத்திரை தேவைப்படலாம். அப்போதும் வேரைச் சுத்தம் செய்வதோ பல்லை எடுப்பதோ சேர்ந்தே நடக்க வேண்டும். அன்பர் அந்தப் பல்லை இன்னும் காட்டவில்லை என்றால், ஓர் எக்ஸ்ரே மட்டுமாவது எடுத்துப் பார்ப்பது நல்லது.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்தால் மாமியாரின் அச்சம் சற்றுக் குறையக்கூடும். குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார். சிறு கண்ணாடியின் கைப்பிடியால் பல்லை மெல்லத் தட்டிப் பார்ப்பார். ஈற்றின் ஆழத்தை அளப்பார். எந்தப் பல்லிலிருந்து சீழ் வருகிறது என்று ஐயம் இருந்தால், கட்டாபெர்ச்சா என்ற மெல்லிய ஊசிபோன்ற இழை ஒன்றை அந்தப் பருவின் துளைக்குள் மெதுவாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதுண்டு. படத்தில் அந்த இழை குற்றவாளிப் பல்லின் வேர்நுனியை நேராகச் சுட்டும். ரூட் கேனால் சிகிச்சையில் சுத்தம் செய்த வேர்க்குழாயை நிரப்புவதும் இதே பொருளால்தான். (மலாய்க் காடுகளின் மரப்பாலான இது, 1840களில் சிங்கப்பூர் வழியாகத்தான் ஐரோப்பாவுக்கு அறிமுகமானது என்பது நம் ஊருக்கு உரிய ஒரு சிறு பெருமை.)

கண்பார்வை பற்றிய பயத்துக்கு அடிப்படை இல்லை. பார்வை நரம்பு வேறு, பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. மேல் கடைவாய்ப் பல்லின் சீழ் முற்றினால் கன்னத்தையும் கண்ணின் கீழ்ப்பகுதியையும் வீங்க வைக்கும். பல்லை எடுத்த வேளையில் யாருக்கோ அப்படி வீங்கியிருந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். கண்ணைக் காக்க வேண்டுமானால் தொற்றை அகற்றுவதே வழி.

இனி, எதற்குக் காத்திருக்கலாம் என்ற கேள்வி. வலியின் கடுமையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நொடிப்பொழுது கூசும் பல் ஆளைத் துள்ள வைக்கும், ஆனால் அது ஓரிரு வாரம் பொறுக்கும். கடிக்கும்போது வலித்தால், அதிலும் கடித்த பல்லை விடுவிக்கும் கணத்தில் சுருக்கென்று குத்தினால், பல்லில் விரிசல் இருக்கக்கூடும். முறுக்கும் ஐஸ்கட்டியும் கடிப்பவர்களிடம் இதைக் காண்கிறோம். விரிசல் ஈற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் பல்லைக் காப்பாற்றுவது அரிது என்பதால் சில நாள்களுக்குள் காட்டுவது நல்லது. தூக்கத்தைக் கெடுக்கும் வலியையும் ஈற்றில் சீழ்ப்பருவையும் அதே வரிசையில் வையுங்கள். சளி பிடித்திருக்கையில் மேற்பற்கள் பல சேர்ந்து வலித்து, குனிந்தால் அதிகமானால், அது பல்லாக இல்லாமல் சைனஸாக இருக்கலாம்.

முகமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கிக்கொண்டே போவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல், குரல் மாறுவது, கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், மூச்சு முட்டினால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். தாடைக்கு அடியில் பரவும் தொற்று நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழாயையே அடைத்துவிடக் கூடியது. இன்னொன்று: நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடை வலித்து, வியர்த்து, நெஞ்சு இறுகினால் அது இதய வலியாக இருக்கலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே தெரியாமல் தாடையில் மட்டும் தெரிவதும் உண்டு. அதற்கும் 995தான்.

துவாஸ் தோழன் எழுதியது:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் தங்குவிடுதியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் அறையில் பல்வலி வராத ஆள் இல்லை. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அனைவரும் தள்ளிப்போடுகிறோம். முதலாளி எடுத்துக் கொடுக்கும் காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும்தான். பல் மருந்தகச் செலவு எங்கள் கையிலிருந்தே போகிறது. என் நண்பருக்குக் கீழ்த் தாடையின் கடைசிப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. அவருக்கு விடுப்பு பொங்கலுக்குத்தான். அதுவரை பொறுக்கலாமா?

ஈறும் வேரும் எழுதியது:

தம்பி, கூச்சத்துக்கும் பழைய சொத்தைக்கும் ஊருக்குப் போகும்வரை காத்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன், செலவின் வேறுபாடு எனக்கும் தெரியும். ஆனால் வாய் திறக்காத அளவுக்கு ஞானப்பல் ஈறு வீங்கியிருக்கும் உங்கள் நண்பர் பொங்கலுக்குக் காத்திருக்க முடியாது. இன்றே காட்டியாக வேண்டும்; பல் மருந்தகத்தில் உடனே நேரம் கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குச் செல்லட்டும். பாதி முளைத்த ஞானப்பல்லை மூடியிருக்கும் ஈற்று மடிப்புக்குள் உணவு சிக்கி அழுகுவதால் வருவது இது. மடிப்பைக் கழுவிச் சுத்தம் செய்து, தேவையானால் மருந்து கொடுத்து முதலில் வீக்கத்தை அடக்குவார்கள். பல்லை எடுப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்வார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் ஹெல்த்சர்வ் என்ற அறநிறுவனம் குறைந்த கட்டணத்தில் பல் சிகிச்சையும் வழங்குகிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் எதையும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தோ பாயோ தாத்தா எழுதியது:

செலவு பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். உங்கள் மாமியார் சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்து, 1950 முதல் 1959 வரையிலான காலத்தில் பிறந்து, 1996 முடிவதற்குள் குடியுரிமை பெற்றிருந்தால் மூத்தோருக்கு அரசு மருத்துவச் சலுகை தரும் மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பார். அந்த அட்டைக்கும், எங்களைப் போன்றோரின் முன்னோடித் தலைமுறை அட்டைக்கும், வருமானத்துக்கு ஏற்ப அரசு தரும் நீல, ஆரஞ்சு நிறச் சாஸ் (CHAS) மருத்துவ உதவி அட்டைகளுக்கும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் கட்டணக் கழிவு உண்டு. பல் எடுப்பது, அடைப்பது, ரூட் கேனால், செயற்கைப் பல் ஆகியவை அதில் அடங்கும். அட்டைக்கு ஏற்பச் சிகிச்சைகளும் தொகையும் மாறும். பச்சை அட்டைக்குப் பல் சிகிச்சைக் கழிவு கிடையாது என்பதைப் பலர் முகப்பில் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அரசின் பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) சிலவற்றில் மட்டுமே பல் பிரிவு இருக்கிறது. முன்பதிவுக்குக் காத்திருக்கவும் நேரும். ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு உதவித்தொகை பெறும் நோயாளியாகச் செல்ல வேண்டுமானால், பலதுறை மருந்தகமோ சாஸ் பல் மருந்தகமோ பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்காகிய மெடிசேவைப் பொறுத்தவரை, ஞானப்பல்லை அறுத்தெடுப்பது போன்ற அறுவைக்கு அதிலிருந்து எடுக்கலாம். சாதாரணமாகப் பல்லை அடைப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் நெடுங்காலமாக அனுமதி இருந்ததில்லை. 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஃபிளெக்ஸி-மெடிசேவை (மெடிசேவிலிருந்து மூத்தோர் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு எடுக்கும் தொகை) சில பல் சிகிச்சைகளுக்குப் பயன்படுத்த வழி செய்யப்படும் என்று சுகாதார அமைச்சு 2025இல் அறிவித்தது. எந்தெந்தச் சிகிச்சைக்கு என்பதை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மதிப்பீட்டுச் செலவை எழுத்தில் கேளுங்கள்; கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

யீஷூன் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஈற்றுப் பருவைக் கண்ணாடியில் காட்டி, ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன், வரச் சம்மதித்துவிட்டார். வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் வலி மீண்டும் வந்தால் என்ன கொடுக்கலாம்? நீரிழிவு மாத்திரையோடு, இதயத்துக்காகத் தினமும் சிறிய ஆஸ்பிரின் ஒன்றும், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். பல் எடுக்க நேர்ந்தால் அவற்றை நிறுத்த வேண்டுமா?

ஈறும் வேரும் எழுதியது:

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, ஏனெனில் அந்த எலும்பு மாத்திரைதான் மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி. எலும்புத் தேய்மானத்துக்குத் தரப்படும் மாத்திரைகளிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியிலும் சில, பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடும். அது அரிதாகவே நேரும். ஆனாலும் நேர்ந்தால் தொல்லை பெரிது. ஆகவே மருத்துவர் பல்லை எடுப்பதைவிட ரூட் கேனால் செய்து காப்பாற்றுவதை விரும்பக்கூடும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தக் கசிவைப் பல் மருத்துவர் அங்கேயே அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிட முடியும், ஆனால் மாத்திரையை விட்டதால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்தால் அதைச் சரிசெய்வது அவ்வளவு எளிதன்று.

வலி வந்தால், கல்லீரல் கோளாறு இல்லாதவருக்கு 500 மில்லிகிராம் பானடால் இரண்டு மாத்திரைகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஒரு நாளில் எட்டு மாத்திரைகளைத் தாண்டக் கூடாது. ஐபுபுரூஃபன் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும் மருந்துதான், ஆயினும் நீரிழிவோடு சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல், ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பல்வலியோடு காய்ச்சலும் இருக்கும் எவருக்கும், டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரூஃபனைத் தவிர்ப்பதே நம் ஊரில் வழக்கம். இளஞ்சூடான உப்பு நீரால் கொப்பளிக்கலாம். கிராம்பில் உள்ள யூஜினால் சற்று மரத்துப்போகச் செய்வது உண்மைதான். எண்ணெயாக நேரடியாக ஈற்றில் ஊற்றினால் புண்ணாகும். கன்னத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம், பருவை விரலால் பிதுக்கவும் வேண்டாம்.

வியாழக்கிழமை அவரை வெறும் வயிற்றோடு அழைத்துச் செல்லாதீர்கள். மரத்துப்போகும் ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. காலை உணவையும் நீரிழிவு மாத்திரையையும் வழக்கம்போலவே எடுத்துக்கொள்ளட்டும், சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரக்கூடும். மாத்திரைகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்ல முயல்வதைவிட, அட்டைகளையும் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த உறைகளையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.